அலமாரிக்குள் இருந்த பந்து

எங்கள் தோட்டத்துப் பந்துக் கழகத்தைப் பற்றிக் குறை சொல்லாத ஆள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவர்கூட இல்லை. அரிசி இல்லை, துணி இல்லை, உப்பு இல்லை என்ற குறையெல்லாம் ஜப்பான்காரன் மேல் போகும். அதை வாய்விட்டுச் சொன்னால் உயிர் போகும். கழகத்தைப் பற்றிய குறை தோட்டத்து ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியார் மேல் போகும். அதை அவர் காதுபடச் சொல்ல முடியாதே தவிர, குழாயடியிலும் மரவள்ளி தோண்டும் இடத்திலும் தாராளமாகச் சொல்லலாம். மற்றக் குறைகளை விழுங்கிக்கொண்டிருந்ததாலோ என்னவோ, பந்துக் குறையை மட்டும் எல்லாரும் உரத்த குரலில் சொன்னார்கள்.

சுங்கை சிப்புட் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்தது எங்கள் தோட்டம். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் வெட்கமில்லை. தோட்டத்துப் பள்ளியை முடித்து ஈப்போவில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது சண்டை வந்தது. பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. நான் டிரங்குப் பெட்டியோடு அம்மாவிடம் திரும்பினேன். அப்பா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவும் அண்ணனும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். நான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழும், மேலிடத்து உத்தரவுப்படி கொஞ்சம் நிப்போங்கோ என்ற ஜப்பான் பாஷையும் சொல்லிக்கொடுத்தேன்.

அண்ணன்தான் எங்கள் கோல்கீப்பர். அவனுக்கு அதைத் தவிர வேறு பெருமை கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் பாடாங் திடலில் அவன் இரண்டு கம்பங்களுக்கு நடுவே நின்றால், ஓரத்தில் பெண்கள் பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் குச்சியால் தட்டுவார்கள். சத்தம் ஆற்றுக்கு அப்பால் வரை கேட்கும்.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு கழகம் கிராணியார் கைக்கு வந்தது. அவர் முதல் வேலையாகத் தோல் பந்தை எடுத்து ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டினார். துரை வாங்கிக் கொடுத்த பந்து அது. இனி அப்படி ஒன்று கிடைக்காது, ஆட்டத்தன்று மட்டும்தான் வெளியே வரும் என்றார். ஆட்டத்தன்றாவது வந்ததா என்றால், வந்த ஆட்டங்களெல்லாம் வெளியூரில்தான் நடந்தன. எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊர்க்காரர்தான் பந்து கொடுப்பது வழக்கம். ஆகவே அலமாரியை யாரும் திறக்கவில்லை.

பழகுவதற்குப் பந்து வேண்டுமே. ரப்பர் தோட்டத்தில் அதற்கா பஞ்சம்? அண்ணனும் கூட்டாளிகளும் இலவம் பஞ்சை ஒரு துணிப்பையில் திணித்து, மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை நாடா நாடாக உரித்து, அதன்மேல் இழுத்து இழுத்துச் சுற்றினார்கள். மேலே பாலை ஊற்றிப் புகைக்கூண்டில் காயவைத்தார்கள். நல்ல பந்துதான். ஆனால் தரையில் பட்டால் தென்னை உயரம் எம்பும். எந்தப் பக்கம் எம்பும் என்பது பழகியவனுக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் அதைப் பழகிக்கொண்டான். பந்து தரையைத் தொடுமுன்பே மேலே தாவிவிடுவான்.

இந்தப் பழக்கம்தான் ஈப்போவில் அவனைக் கவிழ்த்தது. கரி அடுப்பு வைத்து ஓட்டும் லாரியில் நாங்களும் கூடப் போயிருந்தோம். அங்கே தோல் பந்து. அண்ணன் எப்போதும்போல் முன்னே ஓடி வந்து மேலே தாவினான். பந்து சாதுவாக அவன் காலுக்கடியில் உருண்டு கோலுக்குள் போனது. மறுபடியும் அப்படியே. மறுபடியும். பார்த்த ஈப்போக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மச்சான், உங்க ஆளு கொய்யா பறிக்கிறானா?" என்று ஒருவன் கத்தினான்.

எங்கள் தோட்டத்தில் ஆட்டக்காரர்களின் பெயரைப் பெரட்டில்தான் வாசிப்பார்கள். விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், இன்னாருக்கு இன்ன நிரை மரம் என்று சொல்லி முடித்ததும், அதே குரலில் கிராணியார் அடுத்த ஆட்டத்துக்கு யார் யார் என்று சொல்வார். பெரட்டில் "இருக்கேன்" என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அதனால் கழகத்திலும் கேள்வி கிடையாது.

ஈப்போ ஆட்டத்துக்கு அடுத்த நாள் அவர் சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கிழமை சுங்கை சிப்புட் டவுன்காரங்க இங்க வாராங்க. ஜப்பான் ஆபீசரும் பாக்க வாராரு. கோல்ல என் மச்சினன் நிப்பான். கொய்யா பறிக்கிறவங்க தோப்புக்குப் போகலாம்."

சிலர் சிரித்தார்கள். அண்ணன் பால் வெட்டும் உளியை இடுப்பில் செருகிக்கொண்டு தன் நிரைக்கு நடந்தான்.

கிராணியாரின் மச்சினருக்கு ஆட்டம் தெரியாது என்று சொல்ல மாட்டேன். கோலிலே நிற்கத் தெரியும். தலையை வழித்துச் சீவிக்கொண்டு நிற்கத் தெரியும். ரப்பர் பந்தில் பழக வருவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். ஒரு நாளும் வந்ததில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் சொன்னான், "வர்ற திங்கக்கிழமை லாரி வருதுல்ல, நான் போறேன்."

அம்மாவின் கையிலிருந்த மரவள்ளிக்கிழங்கு கீழே விழுந்தது. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் எடுக்கும் லாரி அது. கொஞ்ச மாதம்தான் வேலை, வயிறார அரிசிச் சோறு, பிறகு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். முந்தின லாரியில் போனவர்களில் எங்கள் ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை, ஒரு செய்தியும் வரவில்லை.

"போனவங்க ஒருத்தரும் வரலடா," என்றாள் அம்மா.

"வந்து என்ன செய்ய? பெரட்டுல நின்னு சிரிப்பு வாங்கவா?" அவன் ரப்பர் பந்தை என் பக்கம் உருட்டிவிட்டான். "இத அடுப்புல போடு, பாப்பா. நல்லா எரியும்."

நான் போடவில்லை. பந்தை டிரங்குப் பெட்டிக்குள் வைத்தேன். அவனை அந்த லாரியில் ஏறவிடக் கூடாது என்று அப்போது முடிவு செய்தேன். அழுதோ காலில் விழுந்தோ அவனை நிறுத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். கோலுக்குத் திரும்பினால் தோட்டத்திலேயே நிற்பான்.

மறுநாள் பள்ளி விட்டதும் ஆபீசுக்குப் போனேன். கிராணியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என்ன என்று கேட்டார். நான் நின்றபடியே சொன்னேன்.

"அய்யா, தோல் பந்துல பழகாதவங்க தோல் பந்துல எப்படி ஆடுவாங்க? பந்த வெளிய குடுங்க. அண்ணன மறுபடி நிக்கவைங்க. ஒரு வாரத்துல கத்துக்கும்."

"ஏம்மா, ஈப்போவுல இதுதான் படிச்சியா? கழகம் நடத்துறது எப்படின்னு எனக்கே பாடம் எடுக்க வந்துட்ட."

"எங்கம்மா சம்பளத்துலயும் கழகத்துக்குப் பிடிச்சீங்கய்யா. அதான் கேக்குறேன்."

"கேட்டாச்சுல்ல? போ. பந்து பத்திரமா இருக்கு. கண்டவன் காலுல பட்டா அதுக்கு என்ன மரியாதை?"

உதைப்பதற்குத்தானே பந்து என்று வாய்வரை வந்தது. சொல்லாமல் வெளியே வந்தேன். அடுத்த வீட்டு அக்கா குழாயடியில் காத்துக்கொண்டிருந்தாள். வாளி தட்டுவதில் அவள்தான் எங்களுக்குத் தலைவி. நடந்ததைச் சொன்னேன்.

"அப்படியா சங்கதி?" என்றாள். "ஆபீசர் முன்னாடி நம்ம சத்தம் கேக்கணும்னுதான் நேத்து எங்கிட்ட ஆள் விட்டு சொன்னாரு. ஞாயித்துக்கிழமை வாளி எடுத்துட்டுப் போவோம்லா. தட்ட வேணாம். அதுமேல ஏறி உக்காந்துக்குவோம்."

அன்றே லயம் முழுவதும் செய்தி போய்விட்டது. ஆம்பிளைகளும் சரி என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. டவுன்காரர்கள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிள்கள். ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாடாங் ஓரம் முழுவதும் ஜனம். பெண்கள் அத்தனை பேரும் வாளிமேல் உட்கார்ந்து மடியில் கை வைத்திருந்தார்கள். ஒரு குச்சிகூட அசையவில்லை. கிராணியார் எங்களைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

பிறகு பந்தை எடுத்துவர ஆபீசுக்குப் போனார். போனவர் வரவில்லை. நான் பின்னாலேயே போய் வாசலில் நின்று பார்த்தேன். அலமாரி திறந்திருந்தது. தோல் பந்து அவர் கையில் இருந்தது. அது பந்தாக இல்லை. இரண்டு மழைக்காலம் காற்றில்லாத அலமாரிக்குள் கிடந்து, தோல் முழுக்கப் பச்சையாகப் பூசணம் பூத்து, தையல் விட்டிருந்தது. உள்ளிருந்த ரப்பர் பிளாடர் பிசினாகித் தோலோடு ஒட்டிப் போயிருந்தது. மச்சினர் வாயை வைத்து ஊதிப் பார்த்தார். பந்து கொஞ்சமும் உப்பவில்லை. அவர் கன்னம்தான் உப்பியது.

சுற்றிலும் எத்தனையோ ஆயிரம் ரப்பர் மரம் நிற்கிற தோட்டத்தில், ஒரு துண்டு ரப்பர் உதைபடாமலேயே செத்துப்போயிருந்தது.

"டவுன்காரங்க பந்து கொண்டாரலயா?" என்று கேட்டார் கிராணியார், யாரிடம் என்றில்லாமல்.

"நம்ம ஊர் ஆட்டம்லா அத்தான். நாமதான் குடுக்கணும்."

கிராணியாருக்கு வியர்த்தது. ஆபீசர் எழுந்துபோனால் என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் உள்ளே போனேன்.

"அய்யா, பந்து இருக்கு. எங்க வீட்டுல."

"போய்க் கொண்டா!"

"கொண்டாரேன். அந்தப் பந்துக்குப் பழகுன ஆள்தான் கோல்ல நிக்கணும். அண்ணனையும் கூட்டிட்டு வாரேன்."

"இது என்ன பேரமா?"

வெளியே ஆபீசர் எதையோ கேட்கும் சத்தம் வந்தது. கிராணியாருக்குப் பதில் சொன்னது மச்சினர்தான். "அத்தான், அந்தப் பந்து எம்புற எம்புக்கு என் மூக்கு இருக்காது. அவனயே நிக்கச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஆபீசரிடம் எனக்குத் தெரிந்த நிப்போங்கோவில், பந்து வந்துகொண்டிருக்கிறது என்று குனிந்து சொல்லிவிட்டு ஓடினேன்.

அண்ணன் பாயைச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். உள்ளே மாற்றுச் சட்டை, சோறு வாங்க ஒரு மங்கு. நான் பெட்டியைத் திறந்து பந்தை எடுத்தேன்.

"அண்ணே, தோல் பந்து அழுகிப்போச்சு. இதுலதான் ஆட்டம். வா."

"கிராணி கூப்புடலயே?"

"கூப்புட வச்சாச்சு. எந்திரி."

"நான் திங்கக்கிழமை போறவன். எனக்கு எதுக்கு?"

"சரி, நீ வர வேணாம். நான் நிக்கிறேன் கோல்ல. பாவாடையத் தூக்கிச் செருகிக்கிட்டு நிக்கிறேன். இன்னாரோட தங்கச்சி நிக்குதுன்னு சுங்கை சிப்புட்டுல பேசிக்கட்டும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். நான் நிற்பேன் என்பது அவனுக்குத் தெரியும். பந்தைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

அவன் பாடாங்கில் கால் வைத்ததும் அடுத்த வீட்டு அக்கா எழுந்தாள், வாளியைத் தட்டினாள். பிறகு எழுந்த சத்தத்தில் ஆபீசரே நாற்காலியில் நிமிர்ந்தார். அம்மா தட்டிய தட்டில் எங்கள் வாளியின் அடி நெளிந்தது. அதற்குப் பிறகு அது நேராக நிற்கவே இல்லை.

டவுன்காரர்கள் பாவம். ஓடிவந்து உதைக்கக் காலைத் தூக்கினால் பந்து தலைக்குமேல் இருக்கும். தலையால் முட்டப் போனால் முதுகுக்குப் பின்னால் இருக்கும். "டேய், இது பந்து இல்லடா, தவக்கள!" என்று அவர்களின் தடித்த ஆட்டக்காரர் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார். ஆனால் அவர்களும் ஆடத் தெரிந்தவர்கள். பாதிக்கு மேல் பிடி கிடைத்து, ஒரு கோல் போட்டார்கள். எங்களுக்கு அப்போது இரண்டு ஆகியிருந்தது. கடைசியில் ஒருவன் கிட்டே வந்து ஓங்கி உதைத்தான். பந்து அண்ணனுக்கு முன்னால் தரையில் பட்டது. அவன் அதற்கு முன்பே மேலே இருந்தான். இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு விழுந்தான். எழுந்தபோது மூக்கில் ரத்தம், முகமெல்லாம் சிரிப்பு. ஈப்போவுக்குப் பிறகு அவன் பல்லை நான் அன்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை பெரட்டுக் களத்துக்கு லாரி வந்தது. சயாமுக்கு வருகிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். சிலர் தூக்கினார்கள். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்தது. அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். லாரி கிளம்பும்வரை அப்படியே நின்றான். போனவர்களைப் பார்த்து நாங்கள் அழுதோம். அதை மறைக்க வேண்டியதில்லை. அவன் அதில் இல்லை என்பதில் எனக்கு வந்த நிம்மதியையும் மறைக்க வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் கிராணியார் எங்கள் லயத்துக்கு வந்தார். அதற்கு முன் அவர் எங்கள் வாசலை மிதித்ததில்லை. அண்ணன் கீழே உட்கார்ந்து, ஆட்டத்தில் பிய்ந்துபோன இடத்தில் புது ஒட்டுப்பாலைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் எழுந்து நின்றான். அம்மா தலையில் முந்தானையை இழுத்துவிட்டாள்.

கிராணியார் தொண்டையைச் செருமினார். "ஆபீசருக்கு ரொம்ப சந்தோஷம். அடுத்த மாசமும் ஆட்டம் வைக்கச் சொல்லிட்டாரு." பந்தைப் பார்த்தார். "அருமையான பந்து. இப்படி வெளிய கிடந்தா என்னத்துக்கு ஆகும்? குடு, அலமாரியில வச்சுப் பூட்டிடுறேன். பத்திரமா இருக்கும்."

அடுத்த வீட்டு அக்கா கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் என்னைப் பார்த்தான். அம்மாவும் என்னைப் பார்த்தாள்.

"பந்து பாடாங்லதான்யா இருக்கும்," என்றேன். "யாரு ஆடணுங்கிறதயும் இனிமே அங்கயே பேசிக்கலாம், பெரட்டுல வேணாம். சனிக்கிழமை சாயங்காலம் பழகுவாங்க. நீங்களும் வாங்க. உக்கார வாளி தாரேன்."