லீவர் வரவில்லை என்றால் இழுக்காதே

திங்கட்கிழமை காலை, போர்ட் கிள்ளான் சாலையில் லோரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நான் ஹார்னை அழுத்திக்கொண்டிருந்தபோதுதான் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. குணசேகரன் அண்ணன் முதல் நாள் மாலை கிள்ளானில் தம் வீட்டில் மாரடைப்பால் காலமாகிவிட்டார். ஹார்னிலிருந்து கையை எடுத்தேன். பக்கத்தில் இருந்திருந்தால், "ஹார்ன் அடிச்சா லோரி பறக்குமா லா?" என்று கேட்டிருப்பார்.

பதினெட்டு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். துறைமுகத்தில் சேதமான சரக்கைப் பார்த்து அறிக்கை எழுதுவது எங்கள் வேலை. நசுங்கிய கண்டெய்னர்களை அலுவலக டிஜிட்டல் கேமராவில் எடுப்பார். தமக்கென்று ஒரு பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைத் தோளில் மாட்டியிருப்பார். அதற்குப் பேட்டரி கிடையாது. பார்க்கும் கண்ணாடியில் ஆள் இரண்டாகத் தெரிவார், வளையத்தைத் திருப்பி ஒன்றாக்கினால்தான் படம் தெளிவாக விழும். ஒவ்வொரு படத்துக்கும் லீவரை இழுத்துப் பிலிமைச் சுற்ற வேண்டும். "இந்தப் பழைய சாமான வெச்சு என்னண்ணே பண்றீங்க?" என்று கிண்டலடித்த நானே ஆறு மாதத்தில் அதேபோல் ஒன்றை வாங்கிவிட்டேன்.

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. பிரிக்ஃபீல்ட்ஸில் என் தங்கையின் கல்யாணம். தாலி கட்டப்போகும் நேரத்தில் மேடை இருட்டாகத் தெரிந்தது. லீவரை இழுக்காமலேயே ஷட்டரின் வேகத்தை மாற்றும் சக்கரத்தைத் திருகிவிட்டேன். அந்தக் கேமராவில் சுற்றிய பிறகுதான் அதைத் தொடலாம். அப்புறம் லீவர் நகரவில்லை. விட்டேனா? பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். 'டக்' என்றது, ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. கெட்டிமேளம் கொட்டுகிறது, எனக்கு அழுகை முட்டுகிறது. விருந்தாளியாக வந்திருந்த அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. தம் கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார்.

"ஓடு, முதல்ல தங்கச்சிய எடு!"

சாப்பாட்டுப் பந்தியில், பாயசத்துக்குக் காத்திருந்தபோதுதான் சொன்னார். "முதல்ல சுத்து, அப்புறம் ஸ்பீட மாத்து. சுத்தினா கடைசி வரைக்கும் சுத்து, பாதியில விடாத. லீவர் வரலைன்னா இழுக்காத. ஒன்னு, பிலிம் முடிஞ்சிருக்கும். இல்ல, ஏற்கெனவே சுத்தியிருக்கும். அதுவே வேணாங்குது, நீ ஏன் சண்ட போடுற?" பாயசம் வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "நானும் இப்படித்தான் ரெண்டு கேமராவ ஒடச்சேன். உங்க அண்ணிகிட்ட சொல்லிடாத."

சுற்றிய கேமராவை அவர் ஒருநாளும் சும்மா வைத்ததில்லை. சுற்றியே வைத்தால் ஸ்பிரிங் சோர்ந்துவிடும், எடுக்கப்போகும்போது சுற்றினால் போதும் என்பார். அதனால் தவறிய படங்கள் எத்தனையோ! கண்டெய்னர் உச்சியில் நிற்கும் கொக்கு, அவர் லீவரை இழுப்பதற்குள் கிளம்பிவிடும். "போச்சு, உங்க கொக்கு டியூட்டி முடிஞ்சு போயிடுச்சு" என்பேன். "நாளைக்கு வரும் லா" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். இதை அவரிடம் சொன்னதில்லை.

தகனம் முடிந்த மூன்றாம் நாள் மாலை வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி புஷ்பா அண்ணி கேமராவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "இதுல பேத்தியோட முதல் பொறந்தநாள் படம் இருக்கு தேவி. 'நானே எடுக்கிறேன்'னு அவரு வேற யாரையும் எடுக்கவிடல. பத்திரமா எடுத்துக் குடும்மா."

பத்திரமாக! அதுவும் நான்! எண் காட்டும் சிறு வட்டத்தில் முப்பத்தொன்று என்றிருந்தது. முப்பத்தாறு படப் பிலிம், இன்னும் முடியவில்லை. லீவரை இழுத்தேன். வரவில்லை. சட்டென்று கோபம் வந்தது. கேமரா மேலா, சொல்லாமல் போன மனிதர் மேலா, தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் குழந்தையின் படங்கள் எல்லாம் பாழாகியிருக்கும். அப்போதுதான் பாயசப் பந்தி நினைவுக்கு வந்தது, விரலை எடுத்துவிட்டேன். பிலிம் முடியவில்லையென்றால், ஏற்கெனவே சுற்றியிருக்கிறார். எடுக்கப்போகும்போது மட்டுமே சுற்றுகிறவர் சுற்றியிருக்கிறார்.

"அண்ணி, அண்ணன் போன அன்னிக்கு யாரையாச்சும் எடுக்கப் போனாரா?"

"என்னைத்தான். அடுப்புகிட்ட நின்னுகிட்டிருந்தேன். 'புஷ்பா, இப்படித் திரும்பு'ன்னாரு. வீட்டுல போடுற இந்தக் கஃப்தானோட எடுக்காதீங்க, சேலை மாத்திட்டு வரேன்னேன். 'சரி, காத்திருக்கேன்'னாரு. கட்டிட்டு வந்து பாக்குறேன், நாற்காலியில சாஞ்சிருந்தாரு. கேமரா மடியில இருந்துச்சு."

"அந்தப் படம் இன்னும் பாக்கி இருக்கு அண்ணி" என்றேன்.

அண்ணி எழுந்து அறைப் பக்கம் நடந்தார். சேலை மாற்றத்தான். வாசல்வரை போனவர் நின்றுவிட்டார். பிறகு திரும்பி வந்து, அதே பழைய கஃப்தானோடு அடுப்பருகே நின்றார். "இப்படியே எடு" என்றார்.

அண்ணன் வைத்திருந்த வேகத்தை நான் தொடவில்லை. கண்ணாடிக்குள் இரண்டு அண்ணிகள் தெரிந்தார்கள். வளையத்தைத் திருப்பத் திருப்ப நெருங்கி ஒருவரானார்கள். பொத்தானை அழுத்தினேன். சத்தம் மிகச் சன்னமாக வந்தது.

பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி எடுத்துக் கழுவக் கொடுத்திருக்கிறேன், அண்ணே. அந்தப் படத்துக்குப் பிறகு லீவரை இழுக்கவில்லை. உங்கள் ஸ்பிரிங் இப்போது தளர்ந்துதான் இருக்கிறது. அண்ணிக்காக நீங்கள் இனிக் காத்திருக்க வேண்டாம். நிம்மதியாகத் தூங்குங்கள்.