இடது பக்கம் வந்த இரண்டு பேர்

என் கணவரின் அக்கா டவுன் பஸ் ஓட்டுகிறவள். எனக்கு அண்ணி, ஊருக்கு 'ஹாரன்'. பஸ்ஸின் ஹாரன் பழுதானாலும் யாருக்கும் தெரியாது. அவள் ஜன்னலில் தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டால் சந்தைத் தெருவே ஒதுங்கிவிடும். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் அவள் கதையை எழுத என்னைவிட்டால் ஆள் கிடையாது. ஒரே சமையலறையில் இருபது வருஷம் அவளோடு குப்பை கொட்டியவள் நான்.

எங்கள் மாவட்டம் இரண்டு நாடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. ஆற்றுக்கு அப்பால் ஒரு நாடு, மலைக்கு அப்பால் இன்னொன்று. இரண்டும் 'இது என்னுது' என்று மாறி மாறிப் பிடுங்கிக்கொண்டன. இங்கே மூன்று பாஷைக்காரர்கள் உண்டு. மற்ற இரண்டு பாஷையும் பேரம் பேசவும் திட்டவும் போதுமான அளவுக்கு எல்லோருக்கும் வரும். ஆட்சி மாறினால் கொடி மாறும், தபால் தலை மாறும். அதெல்லாம் எங்களுக்குத் தூசு. சாலை மாறுவதுதான் தலைவலி. ஆற்றுக்காரர்கள் இடது பக்கம் ஓட்டுவார்கள், மலைக்காரர்கள் வலது பக்கம்.

அண்ணி வேலைக்குச் சேர்ந்தபோது இடது. கல்யாணம் ஆனபோது வலது. புருஷன் போய்ச் சேர்ந்தபோது மறுபடி இடது. பஸ் மட்டும் அதே பஸ். அதன் கதவு இடது பக்கம் என்பதால், மலைக்காரர் ஆட்சியில் ஜனங்கள் நடுரோட்டில்தான் குதித்து இறங்கியாக வேண்டும். "பாத்துக் குதிங்க, உங்க உயிர் உங்களுக்கு, என் வேலை எனக்கு" என்று அதட்டுவாள்.

கடைசியாக மலைக்காரர்கள் வந்தபோது புது உத்தரவு ஒன்றும் கூடவே வந்தது. ஆற்றுப் பாஷை பேசும் வீடுகளில் ஒருவருக்காவது வேலை இருந்தால் குடும்பம் இங்கே தங்கலாம். இல்லையென்றால் ஆற்றைத் தாண்டிவிட வேண்டும். எங்கள் பாஷை அதுதான். என் கணவருக்கு மில் மூடியதிலிருந்து வேலையில்லை. ஆக, அண்ணியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் அத்தனை பேரும் தொங்கினோம். டெப்போவுக்கு வந்த புது அதிகாரியோ, ஒரு தடவை இடது பக்கம் போனாலும் வேலை காலி என்று சொல்லிவிட்டார். தினமும் வாசலில் நின்று, "அண்ணி, வலது பக்கம்!" என்பேன். "நீயே வந்து ஓட்டேன்" என்பாள்.

முதல் வாரமே அது நடந்தது. நான் அவள் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்த் தொட்டி வளைவில் எதிரே வருவது தெரியாது. அங்கே அவள் கை பழைய பழக்கத்தில் இடது பக்கம் திருப்பிவிட்டது. எதிரே பால் வண்டி, அதுவும் அதன் இடது பக்கத்தில்! அவனுக்கும் அதே பழைய கை. இருவரும் ஒரே தப்பைச் செய்ததால் உரசாமல் தாண்டினார்கள். ஒருவர் ஒழுங்காக வந்திருந்தால் நாங்கள் தீர்ந்தோம். புதுப் போலீஸ்காரர் விசில் ஊதி இரண்டு வண்டியையும் நிறுத்தினார்.

பால்காரன் மலைப் பாஷைக்காரன். கொடி ஏறிய அன்று ஊர்வலத்தில் முன்னால் நடந்தவன். அன்றிலிருந்து அண்ணி அவனை "ஆபீசர் ஐயா" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தாள்.

இருவரையும் டெப்போ அதிகாரி முன்னால் நிறுத்தினார்கள். நானும் கூடவே போனேன். பால்காரன் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு முந்திக்கொண்டான். "ஐயா, தப்பு என்னுது. நான்தான் இடது பக்கம் வந்துட்டேன். அக்கா என்மேல மோதக் கூடாதுன்னுதான் அந்தப் பக்கம் ஒடிச்சாங்க."

அவன் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு. அவர்கள் ஆள்தானே, ஒரு அதட்டலோடு விட்டுவிடுவார்கள். நாங்களும் பிழைத்தோம்.

"இவன் பொய் சொல்றான்," என்றாள் அண்ணி, அவர்கள் பாஷையிலேயே. "அவனும் பழக்கத்துல வந்தான், நானும் பழக்கத்துல வந்தேன். தண்டனைன்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணாக் குடுங்க."

அவள் முதுகில் கிள்ளினேன். அசையவில்லை.

"அப்படியா?" என்று அதிகாரி பால்காரனைக் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க" என்றான். அதிகாரிக்குத் தர்மசங்கடம். இவளை நீக்கினால் அவன் லைசென்ஸையும் பிடுங்கியாக வேண்டும். ராணுவ முகாமுக்குப் பால் ஊற்றுகிறவனே அவன்தான். கடைசியில் இருவரையும் கன்னாபின்னாவென்று திட்டித் தீர்த்துவிட்டு, "போய்த் தொலைங்க" என்றார்.

வெளியே வந்ததும் பால்காரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான்தான் ஏத்துக்கிட்டேனே அக்கா? எதுக்கு இந்த வீம்பு? வேலைய விட்டுத் தூக்கியிருந்தா?"

"ஆத்தைத் தாண்டியிருப்பேன். உன் நல்ல மனசு எனக்குத் தெரியும் தம்பி. ஆனா நீ பெரிய மனசு பண்ணினதாலதான் நான் இங்க இருக்கேன்னு ஆயிட்டா, நாளையிலேருந்து நான் உங்க வீட்டு விருந்தாளி. என் ஊர்ல நான் எதுக்குப்பா விருந்தாளியா இருக்கணும்?"

அவளைத் திட்ட நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்தே போய்விட்டது. ஏழாம் பொருத்தமோ என்னவோ, அந்த நிமிஷம் அவளுக்குச் சொந்தக்காரியாக இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.