பிஸ்டன் தலையில் ஐந்து மிளகு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துப் படியுங்கள். எதிரே ஒரு தைல டப்பா இருக்கிறது. அதற்குள் மிளகு அளவில் ஒரு உலோகத் துண்டு, ஒரு பக்கம் உருகி வழிந்து கிடக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

திருவொற்றியூரில் விசைப்படகு இஞ்சின்களைச் சோதிக்கும் பட்டறையில் நான் ஃபிட்டர். அங்கே பொறியாளராக இருந்தவரை மேடம் என்போம். ராயபுரத்துப் பெண், என்னைவிட இளையவர், என்னை அண்ணே என்பார். அப்போது புது இஞ்சின் பொருத்திய இரண்டு படகுகள் பிஸ்டன் இறுகி நடுக்கடலில் நின்றுபோயிருந்தன. என் மச்சான் போகும் படகுக்கும் அதே இஞ்சின்தான் வரவிருந்தது. பிஸ்டன் அளவுக்கு மேல் சூடாகிறது என்றார் மேடம். மேனேஜர் நம்பவில்லை. ஓடுகிற பிஸ்டனைத் தொட்டா பார்க்க முடியும்?

அதற்குத்தான் இந்த மிளகுகள். குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் உருகிவிடும் உலோகம். பிஸ்டன் தலையில் ஐந்து இடங்களில் துளையிட்டுப் பதித்தோம். முழுச் சுமையில் ஓட்டி, நிறுத்தி, கழற்றிப் பார்த்தால், எது உருகியிருக்கிறதோ அந்த இடம் சூடு தாண்டியது என்று பொருள். “இன்னா மாமு, பிஸ்டனுக்கு ஜொரம் பாக்குறியா? ஒரு கசாயம் வெச்சிக் குடு” என்றான் தண்டையார்பேட்டையிலிருந்து வரும் என் தோஸ்து.

நான் காசிமேட்டுப் படகுக் கொட்டகையில் வேலை பழகியவன். பிஸ்டனை அதை ஆட்டும் இரும்புக் கம்பியோடு பிணைக்கும் ‘பின்’ என்ற முளை இறுகியிருந்தால் அங்கே சுத்தியலைத் தொட மாட்டோம். தீயைப் பீய்ச்சும் புளோ லாம்ப்பைக் காட்டுவோம், பிஸ்டன் விரிந்து, அந்தப் பின் கையோடு வரும். அன்று இஞ்சினை ஓட்டி நிறுத்தி, பிஸ்டனை வெளியே எடுத்தபோது மேடம் மேனேஜரை அழைக்கப் போயிருந்தார். பின் அசையவில்லை. மிளகுகளைப் பார்க்கத் தோன்றாமல், பழக்கத்தில் பிஸ்டனைக் கவிழ்த்து லாம்ப்பைக் காட்டினேன். அப்போதும் வரவில்லை. இன்னும் காட்டினேன். வந்தது. நிமிர்த்தியபோது மூன்று மிளகுகள் உருகியிருந்தன.

“மூணா?” என்றார் திரும்பி வந்த மேடம். “அண்ணே, நான் சொன்னேன்ல?” உடனே உட்கார்ந்து அறிக்கை எழுதத் தொடங்கினார். என் காலடியில் லாம்ப் இன்னும் ஆறவில்லை. எது இஞ்சினில் உருகியது, எது என் கையால் உருகியது என்று எனக்கே தெரியாது. கடைசியில் அவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திருப்பினார்.

“மேடம், நான் லாம்பு காட்னேன்.”

“எதுக்கு?”

“பின்னு வரல.”

“இன்னாண்ணே இப்டிப் பண்ட்டீங்க” என்றார். தாளை நான்காகக் கிழித்தார்.

மேனேஜர் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். “ஒரு பிஸ்டனைப் பத்திரமாக் கழட்டத் தெரியல, நீங்க என் இஞ்சினைக் குறை சொல்றீங்க.” மேடம், “என் தப்புதான் சார். இன்னொரு தடவை ஓட்டணும். அதுவரைக்கும் ஒரு இஞ்சினும் வெளியே போகக் கூடாது” என்றார். நான் கழிவுத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றேன்.

மறு சோதனையில் பின்னைத் தொடவே இல்லை. பிஸ்டனைக் கம்பியோடு அப்படியே மேசையில் வைத்தேன். ஒரே ஒரு மிளகு உருகியிருந்தது, புகை வெளியேறும் வால்வின் பக்கம். அந்த மூலைக்கும் எண்ணெய் போய்ச் சேர்ந்து சூடு தணியும்படி தெளிப்பானை மாற்றினார்கள். மச்சான் இன்றும் அந்த இஞ்சினோடுதான் கடலுக்குப் போகிறான். மேடம் வேறு ஊருக்கு மாற்றலாகும்போது அந்த மிளகை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது பிஸ்டனுக்குள்ளேயே கருவி வைத்து, சூட்டைத் திரையில் எண்ணாகப் பார்க்கிறார்கள். போன மாதம் பழைய பதிவேடுகளைக் கழித்துக் கட்டினார்கள். மேனேஜரிடம் மறைத்தாலும் அதிலாவது என் பெயரை மேடம் எழுதியிருப்பார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்தச் சோதனையின் பதிவேட்டைத் தேடி எடுத்து, ஆங்கிலம் என்பதால் தோஸ்தைப் படிக்கச் சொன்னேன். சோதனை கெட்டது, காரணம் பொறியாளரின் கவனக்குறைவு என்று இருந்ததாம். “உன் பேரே இல்ல மாமு, இன்னாத்துக்குத் தேடிகினு கீற?” என்றான்.

டப்பாவை மூடிவிட்டேன். அந்த லாம்ப்பைக் காட்டியவன் நான்.

ஜூலை 19, சனிக்கிழமை.