சங்கிலிக்கு மேலே ஒரு அரசாங்கம்

காலை ஏழரைக்குக் கண்டி குட்செட் பஸ் நிலையத்திலிருந்து ஹேவாஹெட்ட பஸ் புறப்பட்டது. டிக்கெட் நூற்றறுபது ரூபாய். தலாத்துஓயா வரை நின்றுகொண்டே போனேன். ஓய்வுபெற்ற எழுதுவினைஞனுக்கு யார் எழுந்து இடம் கொடுக்கப் போகிறார்கள்? இறங்கி ஆட்டோ பிடித்தேன். தேயிலைக்குள் இரண்டு மைல் ஏறியதும் பாதைக்குக் குறுக்கே இரும்புச் சங்கிலி.

"இதுக்கு மேல தோட்டம் சார். வாச்சர் வந்து தொறந்தாத்தான் வண்டி போகும். நடந்துருங்க" என்றார் ஆட்டோக்காரர்.

அப்பால் குடையோடு நின்றிருந்தார் தனலெட்சுமி. என் மனைவிக்குத் தூரத்துச் சொந்தம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, அங்கேயே இருந்துகொண்டு பிரதேச சபை மெம்பரானவர். தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசப் போகையில், ஆபீஸ் பேச்சுப் பழகியவன் பக்கத்தில் இருக்கட்டும் என்று என்னை வரச் சொல்லியிருந்தார்.

"மகளுக்கு இது மாசம்ணே. ஆறு மணிக்கு மேல சங்கிலிய பூட்டிருவாங்க. வாச்சர் வீடு அந்தப் பக்கத்து மலையில. போன மழைக்கு வலி வந்த ஒரு புள்ளைய கம்பளியில வச்சு தூக்கியாந்தோம். சங்கிலிகிட்டயே பொறந்துருச்சு."

மகளைக் கண்டிக்கு, எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடலாமே என்றேன். "அவள அனுப்பிரலாம். அடுத்த வீட்டுப் புள்ளைய எங்க அனுப்புறது?" என்றார்.

இங்கே நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, வாக்கு மட்டும் சபைக்கு. பாதையைச் சபைக்குக் கையளிக்க எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். எப்போது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. அதுவரை துரைதான் அரசாங்கம். லயத்துக்குப் பின்னால் சமைக்க ஒரு குசினி இழுத்துக் கட்டவும் அவரைக் கேட்க வேண்டும். வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று பள்ளியில் படித்தேன். உட்கார்ந்திருந்த கதிரையை விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

பத்து மணிக்கு மழை பிடித்தது. துரையின் பங்களா வாசல் வந்ததும் தனலெட்சுமி குடையை மடக்கினார். நானும் மடக்கினேன். இருவரும் நனைந்தோம். தாண்டியதும் விரித்துக்கொண்டார்.

"யாராவது மடக்கச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலண்ணே. எங்க தாத்தா காலத்துப் பழக்கம். கை தானா மடக்கிருது."

ஆபீசில் இருந்த துரைக்கு முப்பது வயதுகூட இராது. தேநீர் வரவழைத்து, சிங்களம் கலந்த தமிழில் மரியாதையாகப் பேசினார். "பாதை நான் தனியா குடுக்க ஏலாது. கொழும்பு சொல்லணும்." பழகிய பேச்சுதான்; நானும் முப்பது வருடம் இதைத்தான் சொல்லிச் சம்பளம் வாங்கினேன். பிறகு என்ன நினைத்தாரோ, மேசை லாச்சியைத் திறந்து சங்கிலிப் பூட்டின் இரண்டாவது சாவியை நீட்டினார். "அதுவரைக்கும் இது மெம்பர்கிட்ட இருக்கட்டும்."

லயத்துக்குத் திரும்பிச் சோறு சாப்பிட்டு எழுவதற்குள் செய்தி பரவிவிட்டது. வாசலில் ஒரு பெரியவர், கொட்டும் மழையில் குடையை மடக்கி அக்குளில் இடுக்கியபடி நின்றார்.

"மெம்பரம்மா, மகன் ராத்திரிக்கு வேன் கொண்டாறான். நீங்க மனசு வச்சு சாவி தரணும்."

தனலெட்சுமி அந்தக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் சுருங்கிப்போனது.

"கொடைய விரிங்க மாமா. நனையுறீங்க."

சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கொழுந்தெடுக்கும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் வெளிச்சுவரில் ஆணி அடித்து மாட்டினார். "இங்கனயே தொங்கட்டும். வேணுங்கிறவங்க எடுத்துக்கங்க. யார்கிட்டயும் கேக்க வேணாம்."

மூன்று மணிக்கு இறங்கினேன். கண்டி கட்டுக்கலையில் எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை யாருக்குச் சொந்தம் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று பஸ்ஸில் யோசித்தேன்.

அடுத்த வாரம் கண்டி ஆஸ்பத்திரியில் பேத்தியைக் கையில் வைத்திருந்தார் தனலெட்சுமி. மகளைக் கொண்டுவந்த ராத்திரியில் சங்கிலியைத் திறந்தது யார் என்று கேட்டேன்.

"தெரியலண்ணே. நாங்க போகையில தொறந்தே கெடந்துச்சு."