பறக்காத படகின் இறக்கைகள்

நடுவயதில் சிலர் மாரத்தான் ஓடுவார்கள், சிலர் மொட்டை மாடியில் டிராகன் பழம் வளர்ப்பார்கள். நான் பாய்மரப் படகு வாங்கினேன். இரண்டு ஒல்லி உடல்களைக் குறுக்குக் கம்பிகளால் இணைத்து, நடுவே வலை கட்டிய சின்னப் பந்தயப் படகு. தூத்துக்குடிப் பக்கம் யாரோ சலித்துப்போய் விற்றது. மதுரை கோச்சடையில் எங்கள் வீட்டுச் சந்தில் அதை இறக்கியபோது, "பந்தல் சாமானாண்ணே?" என்று தெரு விசாரித்தது.

மேற்கே கண்மாய் நிறைந்து கிடந்த தை மாதம், மனைவியை ஏற்றிக்கொண்டு போனேன். காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. படகின் மூக்கு தண்ணீருக்குள் குத்த, பின்புறம் எழும்ப, முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி பறந்துபோய் ஆகாயத்தாமரைக்குள் இறங்கினாள். இடுப்பளவுத் தண்ணீர்தான். அவள் பார்வையில்தான் ஆழம் அதிகம்.

"இன்னொரு தரம் என்னையத் தண்ணிக்குள்ள போட்டீங்க, மறுநாளு இந்தப் படகு வீட்டுல இருக்காது. சொல்லிப்புட்டேன்."

சொன்னால் செய்வாள். என் டிரெட்மில் இதே தோரணையில்தான் போனது.

வீடியோக்களில் தஞ்சம் புகுந்தேன். பெரிய பந்தயப் படகுகளுக்கு அடியில், தண்ணீருக்குள், ஃபாயில் என்று சிறு இறக்கைகள் இருக்கின்றன. வேகம் பிடித்ததும் அவை படகையே தூக்கிவிடும், ஆட்டமும் அடங்கும். பின்னாலிருக்கும் இரண்டு சுக்கான்களிலும் ஒவ்வொன்று மாட்டினால் தீர்ந்தது என்று முடிவு செய்தேன். வீடியோவைப் பாதியில் நிறுத்தியவனின் முடிவு.

கோரிப்பாளையத்தில் ஃபைபர் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவர், இளவட்டங்களின் கார் டிக்கிக்கு மேலே ஸ்பாய்லர் என்ற இறக்கையை மாட்டிக் கொடுப்பவர். அவரிடம் கையை இறக்கையாக விரித்து விளக்கினேன்.

"எம்புட்டு ஸ்பீடு போகும்ணே?"

"அது காத்தப் பொறுத்தது, பாய்."

"பறக்கணுமா, ஆடாம இருக்கணுமா?"

"ரெண்டும்தான்."

"ஆசதான் உங்களுக்கு. செஞ்சு மாட்டிட்டு நானே கூட வாரேன்."

வந்தார். புது வண்டிக்குச் செய்வதுபோல மனைவி இரண்டு உடலுக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். நசுக்கிக்கொண்டு இறங்கினோம்.

நான் பறக்கக் காத்திருந்தேன். படகோ பின்புறத்தைத் தண்ணீரில் அழுத்திக்கொண்டு, குளிக்க இறங்கிய எருமைபோல நகர்ந்தது. பனைமரங்கள் பக்கமிருந்து அதே காற்று வந்தது. மூக்கு தாழ்ந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். நான் மனசுக்குள் படகை வாங்க ஆள் தேட ஆரம்பித்தேன். ஆனால் பின்னாலிருந்து யாரோ வேட்டியைப் பிடித்து இழுத்த மாதிரி படகு தயங்கியது. மூக்கு மெல்ல மேலே வந்தது.

கரையில் சாய்த்துப் பார்த்தால், இறக்கை இரண்டும் தலைகீழ்.

"பாய், இது தூக்கணும்! நீங்க அமுக்குற மாதிரி மாட்டியிருக்கீங்க!"

"ஸ்பாய்லர்னா அமுக்கத்தாண்ணே செய்யும். காரு ரோட்ட விட்டுக் கெளம்பிறக் கூடாதுல்ல?"

யோசித்தேன். நான் கேட்டபடி பின்புறத்தைத் தூக்கியிருந்தால் மூக்கு இன்னும் ஆழமாகக் குத்தி, மனைவி இன்னும் தூரமாகப் போய் விழுந்திருப்பாள். இந்தக் கண்டுபிடிப்பை நான் வெளியிடவில்லை. ஆனாலும் வாய் பழக்கதோஷத்தில், "திருப்பி மாட்டிருங்க" என்றது.

"அத அப்படியே விட்டுருங்கண்ணே, இவரு பேச்சக் கேக்காதீங்க" என்று பாயிடம் சொன்ன மனைவி, நனையாத சேலையை ஒருமுறை உதறிப் பார்த்துக்கொண்டாள். பிறகு என்னிடம், "ஏங்க, இன்னொரு ரவுண்டு போவமா?"

போனோம். ஒரு நீர்க்காகம் நீந்தியே எங்களை முந்திக்கொண்டு போனது. மனைவி அதற்கு டாட்டா காட்டினாள்.