திருப்பிப் போட்ட ஜாக்கெட்

கார்ட்டூன் படங்களுக்குப் பின்னணி வரைவது என் பிழைப்பு. ராஜகுமாரிக்குப் பின்னால் தெரியும் மலை, கோட்டை, சந்தைக் கூட்டம் எல்லாம் என்னைப் போன்றவர்கள் கோலாலம்பூரில் உட்கார்ந்து தலை நிமிராமல் வரைவதுதான். பெயர் என்னவோ வெளிநாட்டுக்காரனுக்குப் போகும். அந்த வயிற்றெரிச்சலில் நாங்கள் எதையாவது படத்துக்குள் ஒளித்து வைப்போம். பக்கத்து மேசைக்காரர் தன் பூனையை அரண்மனைச் சுவரில் உட்கார வைத்தார். நான் என் தம்பியை மீன் கடைக்குப் பின்னால் நிறுத்தினேன்.

தம்பி அப்போது உயிரோடு இல்லை. கோலா சாவாவில், எங்கள் தோட்டத்துச் சாலையிலேயே, செம்பனைக் குலை ஏற்றிய லோரி அவன் மோட்டார் சைக்கிளை அடித்துவிட்டது. அவன் படங்கள் இருந்த கைப்பேசியும் அவனோடு நசுங்கிப்போனது. சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்ட ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருந்த படத்தைத்தான் பெரிதாக்கினோம். அதில் அவன் யாரையோ அடிக்கப் போகிறவன் போல முறைத்துக்கொண்டிருப்பான்.

“இது என் பையன் மாதிரியே இல்ல லா” என்று அம்மா அந்தச் சுவர்ப் பக்கமே பார்ப்பதில்லை.

எங்கள் பக்கம் மோட்டார் ஓட்டுகிறவர்கள் காற்றுக்கும் தூசிக்கும் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டிக்கொள்வார்கள். இறங்கியதும் கழற்றிவிடுவார்கள். தம்பி மகா சோம்பேறி. கழற்றாமல், முதுகில் ஜிப்போடு பசார் சந்தை முழுக்கச் சுற்றுவான். அம்மா திட்டாத நாளில்லை. படத்திலும் அவனை அப்படியே நிறுத்தினேன், முதுகுப் பக்கம் பொத்தான் வைத்த அங்கியோடு. முகம் அவ்வளவு சின்னதில் யாருக்கும் தெரியாது.

சிரம்பானில் படம் ஓடியபோது அம்மாவைக் கூட்டிப்போனேன், எதுவும் சொல்லாமல். மீன் கடை வந்ததும் என் கையைப் பிடித்தார்.

“அடியே, தம்பிடி! பாரு, இங்கயும் ஜாக்கெட்ட கழட்டல!”

முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அழுதுகொண்டே சிரித்தார். கண் சிமிட்டுவதற்குள் அந்தக் காட்சி போய்விட்டது. “டிவில வரட்டும்மா, நிறுத்தி வச்சு எவ்ளோ நேரம் வேணும்னாலும் பாக்கலாம்” என்றேன். அதன்பிறகு நான் போன் செய்யும்போதெல்லாம் முதல் கேள்வி அதுதான்: டிவியில் வந்துவிட்டதா?

அதற்குள் இணையத்து வீடியோக்காரர்கள் வந்துவிட்டார்கள். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒளிந்திருப்பதையெல்லாம் தோண்டியெடுத்து ஊருக்குச் சொல்வதே அவர்கள் வேலை. பூனையைக் கண்டுபிடித்துக் கொஞ்சினார்கள். தம்பியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, பிழைகளில் சேர்த்துவிட்டார்கள். உடம்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கமாம். வரைந்தவர் தூங்கிவிட்டாராம். வீடியோவுக்குக் கீழே எழுதிச் சிரித்தவர்களுக்குக் கணக்கில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிவிக்குப் போகும் முன் பிழைகளைத் திருத்தச் சொல்லி வெளிநாட்டிலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் மேலாளரும் மோட்டாரில் வருகிறவர்தான். ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் வருவார். அவரிடமே போய் நின்றேன்.

“எனக்குத் தெரியாதா லா? அந்த வெளிநாட்டுக்காரனுக்கு எப்படிப் புரிய வைக்கிறது? நீயே மாத்துறியா, இல்ல படத்துலேர்ந்து ஆளையே தூக்கிரவா?”

ஆளாவது மிஞ்சட்டும் என்று நானே மாற்றினேன். பொத்தான்களை முன்பக்கம் கொண்டுவந்தேன். காலரையும் ஒழுங்காக மடித்துவிட்டேன். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

படம் டிவியில் வந்த வாரம் தோட்டத்து வீட்டுக்குப் போனேன். அம்மா குளித்து, நல்ல சேலை கட்டி, டிவிக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரிமோட்டும் அவர் கையில்தான். சரியாக மீன் கடையில் நிறுத்தினார். எழுந்து போய் திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

“தம்பி எங்கடி?”

“அதோ, அங்கதாம்மா நிக்கிறான்.”

இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“இல்ல லா. இது வேற யாரோ. என் பையன் இவ்ளோ ஒழுங்கா போடமாட்டான்.”

ரிமோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, சேலையை மாற்ற உள்ளே போனார்.