பனிக்குள் ஒரு கூவல்

"ஊ... ஓய்!" போடிமெட்டுச் சரிவில், பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வருகிறது. எங்கிருந்தோ இன்னொரு குரல் பதில் கூவுகிறது. மார்கழிப் பனியில் எங்கள் நாகப்பட்டினத்துக் கடலிலும் படகுக்குப் படகு இப்படித்தான் கூவிக்கொள்வார்கள். மலையில் நிற்கும் எனக்கு உதட்டில் உப்புக் கரிக்கிறது.

"ஏலச்செடிக்குள்ள ஆளுக்கு ஆள் தெரியாது தம்பி, கூவித்தான் கண்டுக்கிருவோம்" என்கிறார், டீக்கடையில் ஜீப்புக்குக் காத்திருக்கும் ராக்கம்மா. விரலெல்லாம் ஏலக்காய்க் கறை.

நான் நாகைக்காரன் என்றதும் கிளாஸைக் கீழே வைக்கிறார்.

"அந்தக் கப்பல் நிக்கிற ஊரா!"

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சிறுமியாகப் பெற்றோருடன் இங்கே வந்துவிட்டார். கல்யாணமாகியிருந்த அக்கா அங்கேயே தங்கிவிட்டாள். இரண்டு நாடும் பேசி, நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கின்றன. அடுத்த மாதம் அதில் போகிறார்.

"கடல்ல வாந்தி வருமா?"

"தினம் இந்த வளைவுல ஜீப்புல போற உங்களுக்கா?"

சிரித்தவர் கிளாஸை எடுத்து ஒரு மடக்குக் குடிக்கிறார். "அக்காவுக்குக் கண்ணு மங்கிருச்சு. துறைமுகத்துல அம்புட்டுக் கூட்டத்துல என்னைய நீ எப்படிக் கண்டுபிடிப்பேன்னு போன்ல கேட்டேன். 'சின்னதுல மலையில கூவுவியே, எறங்குனதும் அதே மாதிரிக் கூவுடி, வந்துர்றேன்'ங்கிறா."

ஜீப் வந்துவிடுகிறது. என் நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டு நெருக்கியடித்து ஏறியவர், கம்பியைப் பிடித்தபடி தலையை வெளியே நீட்டுகிறார்.

"கடல் கொந்தளிச்சா கப்பல நிறுத்திருவாங்களாம்ல? ஓடுதான்னு மட்டும் பாத்துச் சொல்லு தம்பி. அங்கிட்டு எறங்கிட்டா நான் கூவிக்கிருவேன்."